ஆஸ்திரேலியத் தொல்குடித் தாய்மாரும் தாய்ப்பாலும்

பிறந்த குழந்தைக்கு எத்தனை மாதம் தாய்ப்பால் கொடுக்க வேண்டும்? இக்கேள்விக்கு இன்று மருத்துவர்கள் கூறும் விடை தெளிவானது. முதல் 6 மாதங்களுக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும், தண்ணீர்கூட, வேண்டியதில்லை. அதன்பின் மற்ற உணவுகளையும் சேர்த்துக்கொண்டு 2 ஆண்டுகள் வரையிலோ அதற்கு மேலோ தாய்ப்பாலைத் தொடரலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

ஆனால் எத்தனை மாதம் கொடுக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. உண்மையில் எத்தனை மாதம் கொடுக்கப்படுகிறது என்பது வேறொரு கேள்வி. ஒரே நாட்டில், ஒரே மக்களிடையே, ஒரு தாய் மூன்று வாரத்தில் நிறுத்திவிடுகிறாள். மற்றொருத்தி மூன்று ஆண்டுகள் வரை தொடர்கிறாள். இருவர் உடலும் ஒரே வகையில்தான் பாலைச் சுரக்கின்றன. அப்படியானால் இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஆஸ்திரேலியாவின் தொல்குடி மக்களிடையே நடந்த ஆய்வுகள் இக்கேள்விக்குச் சுவையான விடையைத் தந்துள்ளன. அதனை இங்குக் காண்போம்.

ஒரு புதிர்

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதி முழுவதும் ஒரே மாநிலம். அதன் பரப்பு ஏறத்தாழ 25 லட்சம் சதுர கிலோமீட்டர். தென்மேற்கு மூலையில் தலைநகரான பெர்த் இருக்கிறது. அங்கிருந்து வடகிழக்குக் கோடியிலுள்ள கிம்பர்லிப் பகுதிக்குச் சாலை வழியே சென்றால் சுமார் 3,000 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். போகப் போக ஊர்கள் குறையும், மருத்துவமனைகள் குறையும், கடைகளும் குறையும். சில குடியிருப்புகளுக்கு மழைக்காலத்தில் விமானத்தைத் தவிர வேறு வழியே இல்லை.

2000-ஆம் ஆண்டிலிருந்து 2002 வரை இம்மாநிலம் முழுவதும் தொல்குடிக் குழந்தைகளின் உடல்நலம் பற்றிய பெரிய கணக்கெடுப்பு ஒன்று நடைபெற்றது. 18 வயதுக்குட்பட்ட 5,289 பிள்ளைகளைப் பற்றிய விவரங்கள் அதில் திரட்டப்பட்டன. ஒவ்வொரு குடும்பமும் நகர வசதிகளிலிருந்து எவ்வளவு தொலைவில் ஒதுங்கி வாழ்கிறது என்பதை ஐந்து படிகளாகப் பிரித்துக் குறித்துக்கொண்டார்கள். முதற்படி பெர்த் நகரம்; ஐந்தாவது படி மிகமிகத் தொலைவான பாலைநிலக் குடியிருப்பு. குழந்தைக்கு எத்தனை காலம் தாய்ப்பால் கிடைத்தது என்றும் தாய்மாரிடம் கேட்டறிந்தார்கள்.

இவ்விரண்டு விவரங்களையும் ஒப்பிட்டபோது, தொலைவில் ஒதுங்கி வாழும் தாய்மார்கள் 3 மாதமோ அதற்கு மேலோ பாலூட்டியிருக்கும் வாய்ப்பு, பெர்த் நகரத் தாய்மாரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம் என்று தெரிந்தது.

இது ஏன் புதிர் என்கிறோம்? ஆஸ்திரேலியாவில் குடியேறிய ஐரோப்பிய வழியினரிடையே நிலைமை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. அவர்களுள் படிப்பும் வருவாயும் மிகுந்த தாய்மார்களே நீண்ட நாள் பாலூட்டுகிறார்கள். வசதி குறையக் குறையப் பாலூட்டும் காலமும் குறைகிறது. தொல்குடி மக்களிடையே மட்டும், மருத்துவர் அருகில் இல்லாத, அறிவுரை கூறும் துண்டுத்தாள் எட்டாத இடத்தில் தாய்ப்பால் நீடிக்கிறது. எல்லா வசதியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் இடத்தில் விரைவில் நின்றுவிடுகிறது. மருத்துவமனை இல்லாமையே பாலைச் சுரக்க வைக்கிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தொலைவான ஊர்களில் இருக்கும் வேறு ஏதோ ஒன்று, நகரத்தில் இல்லாமற் போயிருக்க வேண்டும். அது என்ன என்று அறிவதற்கு முன், பால் எவ்வாறு சுரக்கிறது என்பதைச் சற்றுத் தெரிந்துகொள்வது நல்லது.

கேட்டால் சுரக்கும்

மூளையின் அடிப்புறத்தில் பட்டாணி அளவுள்ள சுரப்பி ஒன்று இருக்கிறது. அதன் பெயர் பிட்யூட்டரி. குழந்தை மார்பைச் சப்பும்போது அங்குள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே பிட்யூட்டரியின் முற்பகுதி புரோலாக்டின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. இது பாலை உற்பத்தி செய்யத் தூண்டுகிறது. பிற்பகுதி ஆக்சிடோசின் என்னும் மற்றொரு ஹார்மோனை விடுகிறது; இது பாலறைகளைச் சுற்றியுள்ள மெல்லிய தசைகளைச் சுருக்கிப் பாலை வெளியே தள்ளுகிறது.

எனவே பால் என்பது ஒரு பானையில் நிரம்பியிருந்து, எடுக்க எடுக்கக் குறையும் பொருளன்று. எடுத்தால்தான் ஊறும். மார்பில் பால் தேங்கி நின்றால், சுரப்பை மட்டுப்படுத்தும் பொருளும் அதனுடன் சேர்ந்து தேங்குகிறது, உற்பத்தி குறைகிறது. குழந்தை அடிக்கடி குடித்தால் உற்பத்தி மிகுகிறது. இரவில் புரோலாக்டின் அளவு கூடுதலாக இருப்பதால் இரவில் ஊட்டுவதற்குத் தனிப் பயன் உண்டு.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் ஏற்படுகின்றன. முதலாவது, பிறந்த முதல் வாரத்தின் முக்கியத்துவம். முதல் இரண்டு மூன்று நாட்களில் சீம்பால் சிறிதளவே சுரக்கும். குழந்தையின் இரைப்பையும் அப்போது மிகச் சிறியது. அதற்கு அதுவே போதும். ஆனால் அனுபவமில்லாத தாய், 'எனக்குப் பால் போதவில்லை' என்று அஞ்சுகிறாள். யாராவது ஒரு புட்டிப்பாலை நீட்டினால் குழந்தை வயிறு நிறைந்து உறங்கிவிடுகிறது. சப்புவது குறைகிறது, சுரப்பும் குறைகிறது. நாலு நாளில் அவளது அச்சம் உண்மையாகவே ஆகிவிடுகிறது. உலகெங்கும் தாய்மார்கள் பாலை நிறுத்துவதற்குக் கூறும் காரணங்களில் 'பால் போதவில்லை' என்பது முன்னிற்பதன் இரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவது, மனநிலையின் பங்கு. அச்சம், வலி, கலக்கம் ஆகியவை ஆக்சிடோசின் வெளிப்படுவதைத் தடுக்கும். மார்பில் பால் இருந்தும் அது இறங்கி வராது. ஆகவே, 'பயப்படாதே, இது இயல்புதான், மறுபடியும் பிள்ளையை வைத்துப் பார்' என்று சொல்லும் ஒரு குரல், அந்த நாட்களில் மருந்துக்குச் சமமானது. அந்தக் குரல் யாருடையது என்பதில்தான் நம் புதிருக்கு விடை இருக்கிறது.

பசு இல்லாத கண்டம்

தொல்குடி மக்கள் ஆஸ்திரேலியாவில் குறைந்தது 50,000 ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். அந்நீண்ட காலம் முழுவதும் அக்கண்டத்தில் பசு இல்லை, எருமை இல்லை, ஆடு இல்லை. கறவை விலங்கு எதுவுமே இல்லை. கங்காருவையும் நெருப்புக்கோழி போன்ற ஈமுவையும் வேட்டையாடலாம், கறக்க முடியாது. ஐரோப்பியரின் மாடுகள் 1788-ஆம் ஆண்டில் சிட்னியில் வந்திறங்கிய முதல் கப்பற்கூட்டத்துடன்தான் வந்தன. ஆகவே அதுவரையில் அங்குப் பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் உலகில் ஒரே ஒரு பால்தான் இருந்தது.

வேட்டையாடியும், கிழங்கு, விதை, பழம் திரட்டியும் உண்டு வாழ்ந்த மக்களின் உணவில் பச்சிளங்குழந்தைக்கு ஏற்ற மென்மையான பண்டங்கள் குறைவு. எனவே பாலூட்டல் 2 ஆண்டு, 3 ஆண்டு, சில இடங்களில் அதற்கு மேலும் நீடித்தது. தாய் உணவு தேடிச் செல்லும்போது குழந்தையும் அவளோடு சென்றது, நினைத்தபோதெல்லாம் குடித்தது. அடிக்கடி பாலூட்டுவது சினைமுட்டை வெளிப்படுவதைத் தள்ளிப்போடும். அதனால் ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் இடையே போதிய இடைவெளி கிடைத்தது. ஓரிடத்தில் தங்காமல் நடந்துகொண்டே இருக்கும் வாழ்க்கையில், ஒரே சமயத்தில் இரண்டு கைக்குழந்தைகளைச் சுமப்பது எவ்வளவு கடினம் என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

தாயும் தனியாக இல்லை. தொல்குடிக் குலங்கள் பலவற்றில் தாயின் சகோதரியும் தாய் என்றே அழைக்கப்படுகிறாள். நம் மொழியில் பெரியம்மா, சின்னம்மா என்று வழங்குவதை இது நினைவூட்டும். தேவை நேர்ந்தால் அத்தகைய மற்றொரு தாய் குழந்தைக்குப் பாலூட்டுவதும் உண்டு. ஒரு சிறுமி தான் தாயாவதற்கு முன்பே, பாலூட்டும் காட்சியை ஆயிரம் முறை பார்த்து வளர்ந்தாள். அவளுக்கு அது யாரும் கற்பிக்காமலே வந்த பாடம்.

மாவும் சர்க்கரையும் தேநீரும்

ஐரோப்பியக் குடியேற்றம் பரவியபோது நிலங்கள் கைமாறின. ஆட்டுமந்தைகளும் மாட்டுமந்தைகளும் நீர்நிலைகளைப் பிடித்துக்கொண்டன. வேட்டைக் காடுகளை இழந்த தொல்குடி மக்கள், அரசின் ஒதுக்கிடங்களிலும் கிறித்தவச் சபையாரின் நிலையங்களிலும் கால்நடைப் பண்ணைகளிலும் வந்து சேர்ந்தார்கள். அங்கு அவர்களுக்குப் பங்கீடாகக் கிடைத்தவை முக்கியமாக மாவு, சர்க்கரை, தேயிலை. தாயின் உணவு மாறியது. அடுத்து, குழந்தையின் உணவும் மாறத் தொடங்கியது. டப்பாப் பாலும் பால்மாவும் புட்டியும் நாகரிகத்தின் அடையாளங்களாக நுழைந்தன.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆஸ்திரேலிய மருத்துவமனைகளிலும் பாலூட்டலுக்குச் சாதகமான சூழ்நிலை இல்லை. குழந்தையைத் தாயின் பக்கத்தில் விடாமல் தனி அறையில் வைப்பதும், நாலு மணிக்கு ஒரு தடவை என்று கடிகாரம் பார்த்து ஊட்டச் சொல்வதும் அந்நாளைய வழக்கம். கேட்டபோது கொடுத்தால்தான் சுரக்கும் என்னும் விதிக்கு இவை முற்றிலும் முரணானவை என்பது உங்களுக்கு விளங்கும். 1970-களுக்குப் பிறகு ஐரோப்பிய வழித் தாய்மார்களிடையே, குறிப்பாகப் படித்தவர்களிடையே, தாய்ப்பாலுக்கு மீண்டும் மதிப்பு வந்தது. அந்தத் திருப்பம் நகரத்துத் தொல்குடித் தாய்மாரை அதே வேகத்தில் சென்றடையவில்லை.

அறுபட்ட சங்கிலி

உணவு மாற்றத்தைவிட ஆழமான காயம் வேறொன்று. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1905-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஒரு சட்டம், தொல்குடிக் குழந்தைகளுக்கு 16 வயது வரை சட்டப்படியான காப்பாளர் தலைமைப் பாதுகாவலர் என்னும் அரசு அதிகாரியே என்று கூறியது. பெற்ற தாயின் உரிமை அவருக்குப் பிற்பட்டதாயிற்று. பிற மாநிலங்களிலும் இதைப் போன்ற சட்டங்கள் இருந்தன. ஐரோப்பியக் கலப்புள்ள குழந்தைகள் குறிப்பாகக் குடும்பங்களிலிருந்து பிரிக்கப்பட்டு, விடுதிகளிலும் நிலையங்களிலும் வளர்க்கப்பட்டார்கள். பெர்த்துக்கு வடக்கே 1918-இல் தொடங்கப்பட்ட மூர் ஆற்றுக் குடியிருப்பு இவற்றுள் பெயர்பெற்றது.

1997-ஆம் ஆண்டில் வெளியான தேசிய விசாரணை அறிக்கை, 1910 முதல் 1970 வரை பத்தில் ஒரு குழந்தையிலிருந்து மூன்றில் ஒரு குழந்தை வரை, இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப, இவ்வாறு பிரிக்கப்பட்டதாக மதிப்பிட்டது. 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் இதற்காக மன்னிப்புக் கேட்டார்.

இதற்கும் தாய்ப்பாலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். விடுதியில் வளர்ந்த சிறுமி, ஒரு தாய் குழந்தையை மார்பில் அணைக்கும் விதத்தைப் பார்த்ததில்லை. அவள் தாயானபோது அருகில் அவளுடைய தாய் இல்லை. அவளுக்கு மகள் பிறந்து, அம்மகளும் தாயாகும்போது, சொல்லிக்கொடுக்க வேண்டிய பாட்டியிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. ஒரு தலைமுறையில் அறுந்த சங்கிலி மூன்றாவது தலைமுறையிலும் அறுந்தே கிடக்கிறது. முன்பு குறிப்பிட்ட மேற்கு ஆஸ்திரேலியக் கணக்கெடுப்பில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குழந்தைகள், தம்மை வளர்ப்பவரோ அவரைப் பெற்றவரோ இவ்வாறு பிரிக்கப்பட்ட குடும்பங்களில் வாழ்ந்து வருவது தெரியவந்தது.

குடியேற்றம் முந்தி வேரூன்றியது பெர்த்தையும் அதைச் சூழ்ந்த தென்மேற்கையும்தான். வடக்கிலும் பாலைநிலத்திலும் அது பிந்தித்தான் பரவியது. சில குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் பழைய வாழ்க்கையையே வாழ்ந்து வந்தன. அங்கே மொழியும் உறவுமுறையும் மூத்த பெண்களின் அதிகாரமும் கூடுதலாக நிலைத்திருக்கின்றன. அவற்றோடு பாலூட்டும் வழக்கமும் நிலைத்திருக்கிறது. தொலைவு என்று கணக்கெடுப்பு அளந்தது, ஒரு வகையில், அறுபடாத சங்கிலியின் நீளத்தைத்தான் எனலாம்.

நகரத்தில் நடப்பது என்ன?

இனி நகரத்துக்கு வருவோம். நகரத்துத் தொல்குடித் தாய்மார்கள் பாலூட்ட மறுக்கிறார்களா? இல்லை. பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். ஆனால் முதற்சில வாரங்களிலேயே பலர் நிறுத்திவிடுகிறார்கள். இதற்கான காரணங்கள் பல. ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை.

தாயின் வயது ஒரு காரணம். இருபது வயதுக்குள் தாயாகிறவர்கள் தொல்குடி மக்களிடையே அதிகம். இளந்தாய்மார்கள் எல்லா நாடுகளிலும் விரைவில் நிறுத்துகிறார்கள். பொது இடத்தில் பாலூட்ட வெட்கம். தோழிகள் யாரும் அவ்வாறு செய்து பார்த்ததில்லை என்ற தயக்கம்.

குறைமாதப் பிறப்பும் எடைக்குறைவும் அடுத்த காரணங்கள். தொல்குடிக் குழந்தைகளிடையே இவை மிகுதி. குறைமாதக் குழந்தைக்குச் சப்பும் வலிமை போதாது. தனிப் பிரிவில் கண்ணாடிப் பெட்டியில் அது கிடக்க, தாய் வேறோர் இடத்தில் இருக்கிறாள். சப்புதல் இல்லையேல் சுரப்பும் இல்லை.

புகைப்பழக்கம் மற்றொன்று. புகைபிடிக்கும் தாய்மார்கள் விரைவில் பாலை நிறுத்துவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. நிக்கோட்டின் புரோலாக்டின் அளவைக் குறைக்கிறது என்று கருதப்படுகிறது. இதில் ஒரு தவறான எண்ணமும் கலந்திருக்கிறது. 'நான் புகைபிடிப்பவள், என் பால் பிள்ளைக்குக் கெடுதல்' என்று நினைத்துப் புட்டிக்கு மாறுகிறவர்கள் உண்டு. புகையை விடுவதே சிறந்தது. விட முடியாவிட்டாலும் பாலை நிறுத்தக்கூடாது என்பதே மருத்துவர்களின் அறிவுரை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நம்பிக்கையின்மை ஒன்று உண்டு. குழந்தைகளைப் பிரித்தெடுத்த அதிகாரிகளின் நினைவு குடும்பங்களில் இன்னும் மறையவில்லை. இன்றும் அரசுக் காப்பில் வைக்கப்படும் தொல்குடிக் குழந்தைகளின் விகிதம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். 'எனக்குப் பால் இறங்கவில்லை, உதவுங்கள்' என்று ஒரு தாய் மருத்துவமனையில் கேட்டால், இவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சம் அவள் வாயை அடைத்துவிடுகிறது.

பாட்டியும் தந்தையும்

2000-ஆம் ஆண்டையொட்டிப் பெர்த் நகர மருத்துவமனைகளில் பிள்ளை பெற்ற தொல்குடித் தாய்மாரிடையே மற்றோர் ஆய்வு நடந்தது. வீடு திரும்பும்போது யார் பாலூட்டுகிறார்கள், யார் ஊட்டவில்லை என்பதோடு, தாயின் வயது, படிப்பு, புகைப்பழக்கம், உறவினரின் கருத்து முதலியவற்றையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். அதில் முன்னின்ற காரணங்கள் இரண்டு. ஒன்று, குழந்தையின் தந்தை பாலூட்டலை ஆதரிக்கிறார் என்று தாய் உணர்வது. மற்றொன்று, தாயைப் பெற்ற பாட்டி தாய்ப்பாலையே விரும்புவது.

இவ்விரண்டையும் பாருங்கள். இரண்டுமே தாயின் உடலுக்கு வெளியே இருப்பவை. ஆனால் ஆக்சிடோசின் வேலை செய்யும் விதத்தை அறிந்த நமக்கு இது வியப்பாக இராது. நள்ளிரவில் குழந்தை அழும்போது, 'புட்டியைக் கொடுத்துவிடு' என்று சொல்லும் கணவரும், 'இன்னொரு தடவை அணைத்துப் பார்' என்று சொல்லும் கணவரும் இரண்டு வெவ்வேறு ஹார்மோன் நிலைகளை உண்டாக்குகிறார்கள்.

காதும் கல்வியும்

பாலூட்டும் காலம் சில மாதம் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று தோன்றலாம். தொல்குடிக் குழந்தைகளுக்கு அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதற்கு ஒரே ஓர் உறுப்பை எடுத்துக்கொள்வோம்: காது.

நடுச்செவியிலிருந்து தொண்டைக்கு ஒரு சிறு குழல் செல்கிறது. கைக்குழந்தைகளிடம் இது குட்டையாகவும் கிடைமட்டமாகவும் இருப்பதால், சளியிலுள்ள கிருமிகள் எளிதில் காதுக்குள் ஏறிவிடுகின்றன. நடுச்செவியில் சீழ் கட்டுகிறது. செவிப்பறை கிழிந்து மாதக்கணக்கில் சீழ் வடிகிறது. ஒரு மக்கள்தொகையின் குழந்தைகளில் இத்தகைய நாட்பட்ட சீழ்காது நூற்றுக்கு 4 பேருக்கு மேல் இருந்தால், அதை உடனடிக் கவனம் தேவைப்படும் பெரும் சுகாதாரப் பிரச்சினையாகக் கொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆஸ்திரேலியத் தொல்குடிக் குடியிருப்புகள் பலவற்றில் இந்நோய் அந்த அளவைப் பல மடங்கு தாண்டியிருக்கிறது.

காது மந்தமான குழந்தை பேச்சைச் சரியாகக் கேட்காது. பேசக் கற்பது தாமதமாகும். பள்ளியில் ஆசிரியர் சொல்வது எட்டாது. கவனமில்லாதவன், அடங்காதவன் என்று பெயர் வரும். ஓர் எளிய சளிக்கிருமி ஒரு குழந்தையின் கல்வியையே மாற்றிவிடும்.

தாய்ப்பால் இங்கே எவ்வாறு உதவுகிறது? தாயின் வயிற்றிலோ மூச்சிலோ ஒரு கிருமி நுழைந்தால், அதற்கெதிரான பொருளை உருவாக்கக் கற்ற உயிரணுக்கள் இரத்த வழியே மார்பை அடைகின்றன. அவை உண்டாக்கும் இம்யூனோகுளோபுலின்-ஏ என்னும் எதிர்ப்புப் பொருள் பாலில் கலந்து குழந்தையின் தொண்டையிலும் குடலிலும் பூச்சுப் போலப் படிகிறது. அதாவது, அந்த வீட்டில், அந்தத் தெருவில் உலவும் கிருமிகளுக்கு ஏற்பவே தயாரித்த மருந்து அது. ஒரே வீட்டில் பலர் நெருங்கி வாழ வேண்டியுள்ள குடியிருப்புகளில் இதன் மதிப்பு மிக அதிகம். காதுநோய், வயிற்றுப்போக்கு, மூச்சுக்குழல் நோய் ஆகிய மூன்றும் தாய்ப்பால் உண்ணும் குழந்தைகளிடம் குறைவாகவே காணப்படுகின்றன.

காலம் மட்டும் போதுமா?

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். தொலைவான ஊர்களில் தாய்ப்பால் நீடிக்கிறது என்பதால் அங்குள்ள குழந்தைகள் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. சீழ்காது மிகுந்திருப்பதே அத்தகைய குடியிருப்புகளில்தான். நெருக்கடியான வீடும் தூய்மையற்ற நீரும் செய்யும் கெடுதலைத் தாய்ப்பால் குறைக்கும், முழுவதும் நீக்கிவிடாது. வடக்கு ஆஸ்திரேலியாவில் தாய்ப்பால் உண்டு முதல் சில மாதங்கள் நன்றாக வளரும் குழந்தைகள் பல, ஏறத்தாழ ஆறாம் மாதத்துக்குப் பின் எடை கூடாமல் தளர்வதை மருத்துவர்கள் நெடுநாளாகக் கவனித்து வருகிறார்கள். அந்த வயதில் தாய்ப்பாலோடு வேறு உணவும் தேவை; இரும்புச்சத்தும் தேவை. ஆனால் தொலைதூரக் கடைகளில் காய்கறியும் பழமும் இறைச்சியும் நகரத்தைவிட விலை கூடுதல். பல நாட்கள் கிடைப்பதும் இல்லை. எனவே தாய்ப்பாலைத் தொடர்வதும், ஆறாம் மாதத்தில் நல்ல துணை உணவைத் தொடங்குவதும் சேர்ந்து நடைபெற வேண்டும். முதலாவதைத் தாயும் குடும்பமும் செய்யலாம். இரண்டாவதற்கு அரசும் சாலையும் கடையும் குழாய்நீரும் வேண்டும்.

சங்கிலியை மீண்டும் இணைத்தல்

இந்த உண்மைகளை அறிந்தபின் செய்யத்தக்கது என்ன? அறிவுரைத் தாள்களை அச்சடித்து வழங்குவது எளிது. ஆனால் குறைவாக இருப்பது செய்தியன்று. அதைச் சொல்லும் நம்பத்தகுந்த மனிதர்களே குறைவு. எனவே தொல்குடி மக்களே நடத்தும் மருத்துவ நிலையங்கள் தோன்றின. 1971-இல் சிட்னியின் ரெட்ஃபர்ன் பகுதியில் முதலாவது நிலையம் தொடங்கப்பட்டது. 1973-இல் நாட்டின் நடுப்பகுதியிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் மத்திய ஆஸ்திரேலியத் தொல்குடிக் காங்கிரஸ் உருவாயிற்று. அதன் கிளையாக 1980-களில் எழுந்தது அலுகுரா என்னும் மகளிர் நிலையம். பாட்டிமாரின் நெறிப்படி மகப்பேறு என்பதே அந்நிலையத்தைக் கேட்டுப் பெற்ற பெண்களின் கோரிக்கை.

இக்கோரிக்கையின் பொருளை உணர, அப்பகுதியின் நடைமுறை ஒன்றை அறிய வேண்டும். தொலைவான ஊர்களிலுள்ள கர்ப்பிணிகள் பேறுகாலத்துக்குச் சில வாரம் முன்பே டார்வின், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போன்ற நகரங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே காத்திருக்கிறார்கள். உயிர்காக்கும் ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை. ஆனால் பால் இறங்க வேண்டிய முதல் நாட்களில், தாய்க்கு மிகவும் தேவைப்படும் உறவுப் பெண்கள் பல நூறு கிலோமீட்டர்களுக்கு அப்பால் இருக்கிறார்கள்.

1993-இல் வடக்கு ஆட்சிப்பகுதியில் தொடங்கிய ஒரு திட்டம் இதற்கு வேறு வழி கண்டது. அந்தந்த ஊரின் மூத்த பெண்களையே பொறுப்பாளர்களாக அமர்த்தி, கர்ப்பிணிகளுக்கு உணவு, புகைவிலக்கு, பாலூட்டல் பற்றி அவர்கள் மொழியிலேயே, அவர்கள் முறைப்படியே சொல்லவைத்தது. வலிமையான பெண்கள், வலிமையான குழந்தைகள், வலிமையான பண்பாடு என்பது அத்திட்டத்தின் பெயர்.

நகரத்திலும் இது நடக்கக்கூடியதே என்பதற்கு பிரிஸ்பேன் சான்று. 2013-ஆம் ஆண்டில் அங்குத் தொல்குடி மருத்துவ நிலையங்களும் ஒரு பெரிய மகப்பேறு மருத்துவமனையும் கூடி ஒரு சேவையைத் தொடங்கின. கர்ப்பகாலம் முழுவதும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அறிமுகமான ஒரே மருத்துவச்சி; துணைக்குத் தொல்குடிப் பணியாளர்; கூடிப் பேச ஓர் இடம். 2019 வரையிலான முடிவுகளை வழக்கமான மருத்துவம் பெற்றவர்களுடன் ஒப்பிட்டு 2021-இல் வெளியிட்டார்கள். சேவையில் சேர்ந்தவர்களிடையே குறைமாதப் பிறப்புகள் குறைந்திருந்தன. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்தவர்கள் அதிகம். தாய்ப்பால் மட்டுமே ஊட்டிக்கொண்டு வீடு திரும்பியவர்களும் அதிகம். இவர்கள் யாரும் பாலைநிலத்தில் வாழ்பவர்கள் அல்லர், பெருநகரப் பெண்களே. தொலைவான ஊரில் உறவினர் தருவதை, நகரத்தில் நம்பிக்கைக்குரிய சிலர் சேர்ந்து தர முயன்றார்கள். அதற்குப் பலன் இருந்தது.

நம் புதிருக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. பாலைச் சுரப்பது தாயின் உடல். அது எத்தனை காலம் சுரக்கும் என்பதை முடிவு செய்வதில் அவளைச் சுற்றியிருப்பவர்களுக்கும் பங்கு உண்டு. தந்தை, பாட்டி, மருத்துவச்சி, சட்டம் இயற்றுபவர் ஆகிய எல்லாருமே அதில் அடங்குவர். ஒரு தாய் முன்னதாகவே நிறுத்திவிட்டாள் என்று கேள்விப்பட்டால், 'ஏன் நிறுத்தினாள்?' என்று கேட்பதோடு, 'அவள் அருகில் யார் இருந்தார்கள்?' என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கேள்வியில்தான் அவளுக்கு உதவும் வழி இருக்கிறது.